வலது ஓரப் பொத்தான்

படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே கட்டங்கள் இருந்தன: 'நன்று', 'மிக நன்று'. செல்வமேரி இரண்டையும் விட்டுவிட்டுத் தாளைத் திருப்பிப் போட்டாள். வெற்றுப் பக்கத்தில் இடது கையால் எழுதத் தொடங்கினாள்.

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் நூலக உதவியாளர் அவள். பத்தொன்பது வயதில், பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் உரிக்கும் இயந்திரம் அவளுடைய வலது கையில் கட்டைவிரலையும் அடுத்த இரண்டு விரல்களையும் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு இருபத்தேழு வருடமாக எந்தப் புத்தகத்தையும் மேசைமேல் விரித்து வைத்துத்தான் வாசிக்கிறாள். போன வாரம் ஒரு கம்பெனி, சோதித்துப் பார்க்கச் சொல்லி மின்நூல் கருவி ஒன்றைப் பள்ளிக்கு அனுப்பியது. அறிக்கை நன்றாக இருந்தால் நாற்பது கருவிகள் இலவசம். தலைமையாசிரியர் லூர்துசாமி அதை அவளிடம் கொடுத்தார்.

முதல் நாளே அவளுக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. கையில் இருப்பதே தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினால் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. வெயிலிலும் கண் கூசவில்லை. கம்பளிக்குள் படுத்துக்கொண்டு வாசிப்பது அவளுக்குப் புதிய சுகம். ஆனால் பக்கம் திருப்பும் பொத்தான்கள் இரண்டும் வலது ஓரத்தில் இருந்தன. கருவியைத் தலைகீழாகப் பிடித்தால் எழுத்தும் தலைகீழானது. திரையைத் தொட்டுத் திருப்பலாமென்றால், பனியில் விறைத்த விரலை அது மதிக்கவே இல்லை. பிடித்த கையாலேயே எட்டி அமுக்கப்போய், கருவி இரண்டு முறை முகத்தில் விழுந்தது. நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து ராஜேஷ்குமார் வந்தான். தலைமையாசிரியர் அறையில் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"ரொம்ப டீட்டெய்லா எழுதிருக்கீங்க மேடம். ஆனா ஒருத்தருக்காக டிசைனை மாத்த முடியாதுல்ல?"

"ஒருத்தர் இல்லைங்க. எட்டாம் வகுப்புல மட்டும் அஞ்சு பிள்ளைக எடது கைப் பழக்கம். எண்ணிட்டுத்தான் எழுதுனேன்."

லூர்துசாமி பேனாவை நீட்டினார். "ஏம்மா, 'நன்று'ல டிக் போட்டுக் குடுத்துருங்க. பிள்ளைகளுக்கு வர்றதைக் கெடுக்காதீங்க."

அந்தச் சொல் அவளைக் குத்தியது. நாற்பது பிள்ளைகளின் முகம் மனதில் வந்து போனது. பேனாவை வாங்காமல் ராஜேஷ்குமாரிடம் திரும்பினாள்.

"சார், வலது கைய பைக்குள்ள விட்டுக்கிட்டு ரெண்டு பக்கம் வாசிச்சுக் காட்டுங்க."

அவன் விளையாட்டுப்போலக் கருவியை இடது கையில் எடுத்தான். பெருவிரல் எட்டவில்லை. எட்டியபோது முந்தைய பக்கம் வந்தது. மூன்றாவது தடவை கருவி நழுவ, மடியில் பிடித்துக்கொண்டான். சிரிப்பு போய்விட்டது.

"நல்லா இருக்கப்போயித்தான் சார் இம்புட்டு எழுதுனேன்," என்றாள் செல்வமேரி. "ஆகாததுன்னா ரெண்டு வரியில முடிச்சிருப்பேன்."

"நாப்பதும் வராமப் போச்சுன்னா?" என்றார் லூர்துசாமி.

"என்னாலதான்னு பிள்ளைககிட்ட நானே சொல்லிக்கிறேன். டிக் மட்டும் போட மாட்டேன்."

ராஜேஷ்குமார் கருவியைப் பைக்குள் வைத்தான். அதில் அவள் பாதி வாசித்த நாவல் இருந்தது. "இதை அப்படியே அனுப்புறேன் மேடம். என்ன சொல்லுவாங்கன்னு தெரியலை."

"அனுப்புங்க. எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும், பள்ளிக்கூட சீல் போட்டு."

லூர்துசாமி அவள் முகத்தைப் பார்க்காமலேயே முத்திரையை ஓங்கி அழுத்தினார்.

நூலக வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையில் அந்த நகலை வைத்து, வலது உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, இடது கையால் மேல் இரண்டு மூலைகளிலும் ஊசி குத்தினாள். இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து எக்கி எக்கி வாசிக்கத் தொடங்கினார்கள். ஜன்னல் வழியாக வந்த மஞ்சுக்காற்று தாளின் அடிப்பகுதியைத் தூக்கி அடித்தது. அவள் பெட்டியிலிருந்து இன்னும் இரண்டு ஊசிகளை எடுத்தாள்.