ராணிக்கு இருமல்

எழுந்தான். பல் தேய்த்தான். பன்றிக் கொட்டகையைக் கழுவினான். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து, தவிடு கலந்து, ஆறவைத்துத் தொட்டியில் கொட்டினான். சிவபிரகாஷ் தினமும் செய்வது இதுதான். மனைவி வசந்தகுமாரி இறந்து ஒரு வருடம் ஆகியும் மாற்றமில்லை.

மாற்றம் ராணியிடம்தான். சினைப்பன்றி, வசந்தகுமாரி பெயர் வைத்து வளர்த்தது. தீனிக்கு ஓடிவருகிறவள், பீடிக்காரக் கிழவனைப் போல் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டாள். இவளும் போய்விட்டால், அவள் வளர்த்ததென்று வீட்டில் எதுவும் மிஞ்சாது.

அவர்களுடைய தீவு ஊரான ரங்கத்தில் மழை பிடித்ததும் குளிருமே என்று அவன் நாலு பக்கமும் நீலத் தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருந்தான். மாமியார் ஒச்சம்மா கொசுவுக்குத் தேங்காய் மட்டைப் புகை போட்டாள். இருமல் வந்ததும் ராணியின் நெஞ்சில் தைலம் தேய்த்தாள். பன்றிக்கு நெஞ்சு எங்கே தொடங்குகிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

கால்நடை டாக்டர் உமா மகேஸ்வரி வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“அரே, எல்லாம் பந்த் பண்ணி மூடியாச்சா? சினிமாக் கொட்டகையா இது? வாடை வரலை?”

“பெரிசா இல்லையே மேடம்.”

“நின்னா எப்படித் தெரியும்? ராணி மூக்கு இருக்கிற இடத்துக்கு உங்க மூக்கைக் கொண்டு வாங்க.”

பி.காம். படித்தவன், முட்டிபோட்டுத் தரையோடு தலையைச் சாய்த்தான். ராணி ஒரு பார்வை பார்த்துவிட்டு இடம் விட்டாள். மூத்திர நெடி மண்டைக்கு ஏறியது. வெளியே ஓடிவந்தபோது கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாக ஊற்றியது.

ஒச்சம்மா கைவாளியைக் கீழே போட்டாள். மகள் செத்த அன்றுகூட மாப்பிள்ளை அழவில்லை என்பது அவளுக்குப் பெரிய குறை.

“அப்பாடா! நல்லா அழுங்க மாப்பிள்ளை! தேவேந்திரா, ஓடியா, மாப்பிள்ளை அழுறாரு!”

“அத்தை, இது மூத்திர வாடை.”

“எதுவா இருந்தா என்ன? வரும்போதே அழுதுடுங்க!”

பக்கத்து வீட்டு தேவேந்திரன் துண்டோடு வந்துவிட்டான்.

டாக்டர் ராணிக்கு ஊசி போட்டார். “மருந்து பாதிதான். புகை வேணாம். சாரல் அடிக்கிற பக்கம் கீழ்ப்பாதியை மட்டும் மறைங்க. மேலே காத்து போகணும்.”

சிவபிரகாஷ் கயிற்றை அவிழ்த்தான். தார்ப்பாய் சுருண்டு மேலேறியது. ராணி மூக்கைக் காற்றுக்கு நீட்டினாள். வாடை போய்விட்டது. அவன் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை.

“எம் பொண்ணு கடைசியா என்ன சொன்னா மாப்பிள்ளை? உடம்பைப் பார்த்துக்கங்கன்னுதானே?” என்றாள் ஒச்சம்மா. ஊரிலும் அவள் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். அவன் வாயே திறந்ததில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது வசந்தகுமாரி சொன்னதை, காய்ச்சலில் உளறுகிறாள் என்று விட்டிருந்தான்.

இன்று சொன்னான்.

“‘மழை வந்தா தார்ப்பாயை முழுசா இறக்கிடாதீங்க. ராணிக்கு மூச்சு முட்டும்.’”