பதினாறு கரண்டி சர்க்கரை

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். எங்கள் ஆறு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்திலேயே கிளினிக் வைத்திருக்கிறார். லிஃப்டுக்குள் அவர் நின்றால், குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடிவிடுவார்கள். பின்னே? பார்க்கிற இடத்திலெல்லாம் மனிதர் "இன்னைக்கு எத்தனை சாக்லேட்?" என்று கேட்டால் ஓடாமல் என்ன செய்வார்கள்?

எங்கள் மகளும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். ஏழு வயது. வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். பத்து நாளாக முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. என்னிடம் நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டுவாள். அப்பா தலை தெரிந்தால் வாய்க்குப் பூட்டு.

"மத்த குழந்தைங்களை விடு. பெத்த பொண்ணே என்னைப் பார்த்து வாயை மூடிக்கிறாளே" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அதனால்தான், எங்கள் குடியிருப்பின் ஆண்டுக் கடைசி விடுமுறை விருந்தில் குழந்தைகளுக்கான சூடான சாக்லேட் பானத்தைத் தானே கொடுப்பதாக அடம்பிடித்து அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். "என் கையால ஒரே ஒரு குழந்தை வாங்கிக் குடிச்சாப் போதும்" என்றார். அந்த ஒரு குழந்தை யார் என்று நான் கேட்கவில்லை.

அன்று கீழே கூடத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். வெளியே விரல் விறைக்கிற குளிர். பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சிய ஆப்பிள் ஜூஸை நான் பெரியவர்களுக்கு ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்துபோனேன். எதிர் மேசையில் என் வீட்டுக்காரர், கல்யாணத்தன்றுகூட வாராத அழகில் தலையை வாரிக்கொண்டு, ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் ஓட்டுவதற்கு ஈகூட இல்லை.

கடைசியில் மூன்றாம் மாடி நீச்சல் மாஸ்டரின் பையன் துணிந்து போனான். அப்போதுதான் கவனித்தேன். வாங்கி வைத்த கோப்பைகளையெல்லாம் நான் எடுத்துக்கொண்டதால், மனிதர் கிளினிக்கிலிருந்து ஒரு கட்டு நீலக் காகிதக் கப்பைத் தூக்கி வந்திருக்கிறார். வாய் கொப்பளிக்கக் கொடுக்கிற கப்!

பையன் ஒரு வாய் உறிஞ்சினான். நீலக் கப்பைக் கண்டால் கொப்பளித்தே பழக்கம், கன்னம் இரண்டும் உப்பின. களகளவென்று கொப்பளித்தான். பக்கத்திலிருந்த பூந்தொட்டியில் துப்பினான்.

"கசக்குது! ஓடுங்கடா, இது பல்லுக்குப் போடற மருந்து!"

ஒரே நொடியில் அத்தனை வாண்டுகளும் நீள மேசைக்கு அடியில். முதல் ஆளாகப் பதுங்கியவள் எங்கள் வாயாடி. இவரிடம் பல் செட் கட்டிக்கொண்ட நாலாம் மாடித் தாத்தா மட்டும் நன்றி மறக்காமல் ஒரு கப் முழுவதையும் குடித்து முடித்தார். "மருந்து நல்லா இருக்கு டாக்டர். இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு சொட்டு நாக்கில் விட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏங்க, சர்க்கரை போட்டீங்களா இல்லையா?"

"எதுக்கு? பால்லயே இனிப்பு இருக்கே. வருஷம் பூரா வேணாம்னு சொல்லிட்டு இன்னைக்கு நானே போட்டா, என் பேச்சுக்கு என்ன மரியாதை?"

"உங்க பேச்சை யாராலும் குடிக்க முடியாதுங்க."

சர்க்கரை டப்பாவை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன். மனிதர் அதைப் பார்த்தார். மேசைக்கு அடியில் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு ஜோடிக் கண்கள், அவற்றில் ஒரு ஜோடி அவருடைய மகளுடையது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கரண்டி அள்ளிப் பாத்திரத்தில் போட்டார்.

"ஒண்ணு!" என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்.

"ரெண்டு!" இப்போது நாலைந்து குரல்கள். ஐந்தாவது கரண்டிக்குப் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "டாக்டர் சர்க்கரை போடறார், சீக்கிரம் வாங்க!" என்று யாரோ மாடிக்குப் போன் செய்தார்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் செல்போனைத் தூக்கிப் பிடித்து, "டாக்டர், இந்தப் பக்கம் திரும்பிப் போடுங்க!" என்று கத்தினார். பதினாறாவது கரண்டிக்குக் கூடமே கூரை பறக்கக் கூவியது. என் வீட்டுக்காரருக்கு அந்தக் குளிரிலும் வியர்த்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

"நீங்க முதல்ல குடிங்க. துப்பக் கூடாது" என்றான் நீச்சல் மாஸ்டர் பையன்.

மேசையில் இருந்த டப்பாவிலிருந்து, வாயில் ஜவ்வாக இழுக்கிற வெள்ளை மிட்டாய் இரண்டை எடுத்து மிதக்கவிட்டுக் குடித்தார். மூக்குக்குக் கீழே நுரை மீசை. மேசைக்கு அடியிலிருந்து வாயாடி தவழ்ந்து வந்தாள்.

"எனக்கும் ரெண்டு மிட்டாய்."

"ரெண்டா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். மூன்று போட்டுக் கொடுத்தார்.

குடித்தாள். மிட்டாயை மென்றாள். சட்டென்று நின்றாள். வாய்க்குள் விரலை விட்டு மிட்டாயை இழுத்தாள். அதில் ஒட்டிக்கொண்டு அரிசி மாதிரி ஒரு பல்!

ஆயிரம் பல் பிடுங்கியவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "வலிக்குதாடா கண்ணு?" என்றார்.

அவள் அவர் முன்னால் போய் நின்று, தொண்டை தெரிய வாயைத் திறந்தாள். "பாருப்பா! ஓட்டை தெரியுதா?"

அவர் மண்டியிட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கரித்தது. பிறகு நீலக் கப்பில் தண்ணீர் கொடுத்துக் கொப்பளிக்கச் சொன்னார். அவள் பூந்தொட்டியில் துப்பியதற்குக் கூடம் முழுக்கக் கைதட்டல்.

அவ்வளவுதான், மேசைக்கு அடியில் ஒரு வாண்டுகூட மிச்சமில்லை. தள்ளுமுள்ளு. ஆடுகிற பல், ஆடாத பல், முளைக்காத பல் எல்லாவற்றையும் திறந்து காட்டிக்கொண்டு ஒரு நீண்ட வரிசை. கடைசியில் தாத்தா, பல் செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு.

எல்லாரையும் இடித்துக்கொண்டு வாயாடி மறுபடி முன்னால் வந்தாள், காலிக் கப்போடு.

"அப்பா, பக்கத்துப் பல்லும் ஆடுது."

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். அவள் தொடவிட்டாள். நேற்று ராத்திரிதான் நான் அதை அசைத்துப் பார்த்தேன், பாறை மாதிரி இருந்தது.

"ஆமா, ஆடுது" என்று சொல்லிவிட்டு மிட்டாய் டப்பாவைத் திறந்தார்.