ஆர்கான் தேங்கிய தொட்டி

அக்கா தங்கையைக் கட்டிய அந்த இரண்டு பேரும் ஒரே பட்டறையில் வெல்டர்கள். பெரியவர் அளந்துதான் பேசுவார். சின்னவன் வாய் ஓயாதவன்.

அன்று பால் நிரப்பும் எவர்சில்வர் தொட்டி. இரண்டு ஆள் உயரம். சின்னவன் உள்ளே உட்கார்ந்து அடிப்பக்கம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் வெல்டிங் டார்ச்சை உள்ளேயே போட்டுவிட்டு, காற்று ஊதும் விசிறியையும் அணைத்துவிட்டு ஏறி வந்தான். டார்ச்சுக்கு வரும் ஆர்கான் வாயுவின் வால்வை மூட மறந்துவிட்டான்.

உலோகம் சூடானால் நிறம் மாறும், தொட்டால் சுடும், தட்டினால் கணீரென்று கேட்கும். ஆர்கானுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. எதோடும் சேராது. காற்றைவிடக் கனம் என்பதால் முக்கால் மணி நேரம் காற்றை மேலே தள்ளிவிட்டுத் தண்ணீர் மாதிரி அடியில் தேங்கிக்கொண்டே இருந்தது.

"இன்னும் ஒரு முழம்தான் சகலை. முடிச்சிட்டா நேரத்தோட வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு ஒரு தூக்கம் பாக்கி இருக்கு," என்று பேசிக்கொண்டே சின்னவன் இறங்கினான். டார்ச்சை எடுக்கக் குனிந்தவன் அப்படியே குப்புறச் சரிந்தான்.

பெரியவர் பாய்ந்து ஏறி ஒரு காலை உள்ளே விட்டார். அடியிலிருந்து வாயு சீறும் சத்தம் கேட்டது. காலை வெளியே இழுத்துக்கொண்டார். சிலிண்டரை மூடினார், விசிறியைப் போட்டார், தொண்டை கிழியக் கத்தினார். மூச்சுக்கருவி மாட்டிய தீயணைப்பு ஆட்கள் வந்து தூக்கும்போது பதினெட்டு நிமிடம் ஆகிவிட்டது; உயிர் இல்லை.

ஒரு வாரம் கழித்துத்தான் மச்சினி வாய் திறந்தாள்.

"மேலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தீங்களாமே மாமா?"

"உள்ள மூச்சு விடக் காத்தே இல்லம்மா. இறங்கியிருந்தா நானும்..."

"புகை இல்ல, நாத்தம் இல்ல, உடம்புல ஒரு கீறல் இல்ல. யார்கிட்ட கதை விடுறீங்க?"

விசாரிக்க வந்த அதிகாரிக்கு இரண்டே நிமிடத்தில் விளக்கியவர் அவள் முன்னாலிருந்து எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

மனைவியும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒரு சாயங்காலம் துணி மடித்தபடியே கேட்டாள்.

"உள்ள விழுந்தது நம்ம பையனா இருந்தா?"

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"குதிச்சிருப்பேன்," என்றார். பிறகு, "ரெண்டு பொணமா தூக்கியிருப்பாங்க," என்றார்.

அவள் கடைசித் துணியையும் மடித்து வைத்தாள். மறுநாள் தங்கையைப் பார்க்கப் போனாள். அவர் சொன்னதில் 'குதிச்சிருப்பேன்' என்ற முதல் வார்த்தையை மட்டும் அங்கே சொன்னாள்.