டக் என்ற சொல்லுக்கு ஒரு முழுக்கைச் சட்டை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? யாருடைய பொறாமை என்பதை அப்புறம் சொல்கிறேன்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாராகும் அலுவலகத்தில், மஞ்சள் வெயில் சாய்ந்த ஒரு மாலை—

வேண்டாம். மஞ்சள் வெயில் என்றாலே பொய் வந்து ஒட்டிக்கொள்கிறது. மதியம் மூன்று மணி. அகராதிக்காரர் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். அடுத்த மேசையில் அவர் மனைவி. இழுப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்து எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டு எழுத வேண்டும் என்பது அங்கே விதி.*

* சொந்தமாக எழுதச் சொன்னால் யாரும் சொந்தக் கதையைத்தான் எழுதுவார்கள்.

2

புல் (pull): பொதுவாக இழுப்பது. ஹால் (haul): பாரமானதைப் பாடுபட்டு இழுப்பது. டோ (tow): பழுதான வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுப்பது. பென்சில் தடையில்லாமல் போயிற்று.

டிராக் (drag): வர மறுப்பதைத் தரையோடு தேய்த்து இழுப்பது. 'சினிமாவுக்கு வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு போனாள்.' போன வாரம் அப்படிப் போனது அகராதிக்காரர்தான். சிரித்துக்கொண்டார்.

டக் (tug): சட்டென்று லேசாக இழுத்து விடுவது. 'சிரித்தபடியே அவருடைய முழுக்கைச் சட்டையின் நுனியை இழுத்தாள்.'

அகராதிக்காரர் அரைக்கை ஆசாமி. அங்கே முழுக்கை போடுகிறவர் அகராதிக்குப் படம் வரையும் ஓவியர் ஒருவர்தான். அகராதிக்காரரின் பென்சில் அங்கேயே நின்றது. அந்த ஆளுக்கு டக், கட்டின புருஷனுக்கு டிராக்கா?

3

[ஓவியரைக் கெட்டவராக்கி மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். நல்ல மனுஷன். அதுதான் இன்னும் எரிச்சல்.]

"இது யாரு சட்டை?"

அவள் எட்டிப் பார்த்தாள். "உங்களுதுதான்."

"நான் எப்ப முழுக்கை போட்டேன்?"

"கல்யாணமான புதுசுல. நுனியை லேசா இழுத்தாலே திரும்பிப் பார்ப்பீங்க. இப்பல்லாம் இழுத்துக்கிட்டுல்ல போக வேண்டியிருக்கு!"

4

இது ஒரு முடிவு. இன்னொன்று: அவள் எழுந்து ஓவியரின் மேசைப் பக்கம்—

கை வரமாட்டேன் என்கிறது. சொல்லிவிடுகிறேன். அரைக்கை ஆசாமி நான்தான். முழுக்கைச் சட்டை என்னிடம் எப்போதாவது இருந்ததா என்று எனக்கு ஞாபகமே இல்லை. 'உங்களுதுதான்' என்பது நான் அவளுக்கு எழுதிக் கொடுத்த வசனம். நான் இன்னும் கேட்கவே இல்லை.

நான்கு மணிக்கு மெய்ப்பு அச்சுக்குப் போகிறது. அவள் அடுத்த மேசையில்தான் இருக்கிறாள். எனக்கு வாய் வரவில்லை, நீங்களாவது கேளுங்கள். 'எங்க வீட்டுக்காரருதுதான்' என்று சொன்னால் மட்டும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.