காத்திருப்போர் பக்கம்

"சாவிய மேஜை மேல வெச்சிட்டு அந்தப் பக்கம் போய் உக்காரு" என்றாள் டாக்டரின் மனைவி.

பல் கிளினிக்கின் ரிசப்ஷன்காரி அப்போதுதான் கம்ப்யூட்டரைப் போட்டிருந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இன்னும் கழற்றவில்லை. "எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டாள்.

"பேஷன்ட்ஸ் உக்கார்ற பக்கம். பேங்க்லேர்ந்து ஆள் வர்ற வரைக்கும் கவுண்டருக்குள்ள உன் நிழல்கூட விழக்கூடாது."

சாவியை வைத்தாள். வைத்தாள் என்ன, வீசினாள். அது மேஜையில் சறுக்கிப்போய் அந்த அம்மாளின் கைப்பைமேல் முட்டிக்கொண்டு நின்றது.

நோயாளிகள் இந்த ரிசப்ஷன்காரிக்கு வைத்திருந்த பெயர் வெண்கலம். அவள் குரலுக்காக வைத்தது. உள்ளறையில் டாக்டர் பல்லைக் குடையும் மெஷின் ஓட ஆரம்பித்தால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தன் காதே தன்னுடையது இல்லை என்றாகிவிடும். கதவு அவள் முதுகுக்குப் பின்னால்தான். போனில் பேசுகிறவர்களோ பாதிப்பேர் பல் வலியில் முனகுகிறவர்கள், மீதிப்பேர் காது கேட்காதவர்கள். இரண்டுக்கும் நடுவில் வருஷக்கணக்காக உட்கார்ந்து உட்கார்ந்து அவள் குரல் அப்படி ஆகிவிட்டது. முன்பணம் கட்டுகிறவர்கள் போனிலேயே கார்டு நம்பரைச் சொல்வார்கள். அவள் கார்டு மெஷினில் அடிப்பாள். எப்போதோ ஒருமுறை ஒன்றை ஏழு என்று அடித்துத் தொலைத்ததில் டாக்டரின் மனைவி ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. சம்பளத்தில் பிடித்தாள். அதோடு ஒரு சட்டமும் போட்டாள். யார் எந்த நம்பரைச் சொன்னாலும் திருப்பிப் படிக்க வேண்டும், அவர்கள் "சரி" என்று சொன்ன பிறகுதான் அடிக்க வேண்டும். அன்றிலிருந்து ஒரு நம்பர் தப்பியதில்லை. நாலு நாலாகக் கேட்டு நாலு நாலாகச் சொல்வாள். அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு, இல்லாமல் என்ன.

இப்போது அந்தக் கர்வத்தில்தான் மண். கிளினிக்குக்குப் போனில் பணம் கட்டிய மூன்று பேரின் கார்டுகளை யாரோ ஓ.டி.பி. கேட்காத வெளிநாட்டு சைட்டுகளில் போட்டு வழித்தெடுத்திருந்தார்கள். ஒருவர் கணக்கில் பெரிய டிவி, இன்னொருவர் கணக்கில் விமான டிக்கெட், மூன்றாவது ஆள் அச்சகம் வைத்திருப்பவர், அவர் கணக்கில் வரிசையாகச் செல்போன்கள். முதல் புகார் வந்ததுமே டாக்டரின் மனைவி முடிவு கட்டிவிட்டாள். தினமும் காலையில் வந்ததும் வெண்கலத்தின் செல்போனைப் பிடுங்கி டப்பாவில் போட்டுப் பூட்டினாள். துண்டுக் காகிதங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கித் தன் கையாலேயே கிழித்தாள். மேஜைக்கு நேர் மேலே, வெண்கலத்தின் விரல்கள் தெரிகிற மாதிரி ஒரு கேமரா வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தாள். இத்தனையும் செய்த பிறகுதான் அச்சகக்காரர் கார்டு போயிற்று.

நேற்று அவளைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தாகிவிட்டது. "பேங்க் ஆளு வந்து நீதான்னு சொல்லட்டும். பல் டாக்டருங்க குரூப்ல போட்டுடுவேன். அப்புறம் உனக்கு எவன் வேலை குடுக்கறான்னு பாக்கறேன்." அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். ராத்திரி புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல், "நிஜமாவே நீ எடுக்கலதானே?" என்று கேட்டானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தட்டை அவன் கையிலிருந்து பிடுங்கித் தொட்டியில் போட்டாள். கட்டினவனே கேட்கிறான் என்றால் ஊர் கேட்காமல் இருக்குமா?

நோயாளிகள் பக்கத்து நாற்காலி அவளுக்குப் புதிது. இத்தனை வருஷத்தில் அதைத் துடைத்திருக்கிறாளே ஒழிய உட்கார்ந்ததில்லை. பத்து மணிக்குள் அறை நிறைந்துவிட்டது. அச்சகக்காரரும் வந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தார். ரத்தம் நிற்கிற வரைக்கும் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். காலியாக இருந்த ஒரே நாற்காலி அவளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அவளுக்கு முகம் எரிந்தது. 'போய்யா, நின்னு சாவு' என்று மனசுக்குள் திட்டினாள்.

கவுண்டரில் டாக்டரின் மனைவி திண்டாடிக்கொண்டிருந்தாள். யாருக்கு எப்போது வரச் சொன்னோம் என்று தெரியாமல் இரண்டு பேரை ஒரே நேரத்துக்கு உள்ளே அனுப்பி டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வெண்கலத்துக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அந்த நேரத்தில் போன் அடித்தது. கையுறை சப்ளை செய்கிறவன். பழைய பாக்கி தீராமல் சரக்கு ஏற்ற மாட்டேன் என்கிறான் போலிருக்கிறது. "இப்பவே கட்டறேன், எழுதிக்கோ" என்று அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து தன் சொந்தக் கார்டை எடுத்தாள்.

உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது. "கேக்கலையா? நல்லாக் கேளு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே படித்தாள்.

வெண்கலம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெஷின் எங்கே? அந்தப் பக்கம் மண்டையைப் பிளக்கிற சத்தம், இந்தப் பக்கம் கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்டது. அதற்கு மேலே, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, ஒவ்வொரு நம்பராகத் தெளிவாக வந்து விழுந்தது. முன்பக்கத்துப் பதினாறும் வந்தது. காலாவதி மாசம் வந்தது, வருஷம் வந்தது. கார்டைத் திருப்பினாள், பின்பக்கத்து மூன்று நம்பரும் வந்தது. சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்துத்தானே இத்தனை நாளும் வெண்கலமும் அந்தக் கவுண்டரிலிருந்து கத்தியிருக்கிறாள்.

எழுந்தாள். உள்ளே மெஷின் நிற்கிற வரைக்கும் பொறுத்திருந்து கவுண்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

"மேடம், நம்பர் சரியான்னு பாத்துக்கோங்க" என்றாள். பிறகு அந்த அம்மாளின் கார்டை, நாலு நாலாக, முதலிலிருந்து கடைசி வரை ஒப்பித்தாள். காலாவதி மாசத்தோடு.

டாக்டரின் மனைவி வெளிறிப்போனாள். ஒரு கணம்தான். அப்புறம் குதித்து எழுந்தாள். "பாத்தீங்களா! எல்லாரும் பாத்துக்கோங்க! ஒரு தடவ காதுல விழுந்தாப் போதும் இவளுக்கு! இப்படித்தான் எல்லார் நம்பரையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போய் வித்திருக்கா! என்னங்க, வெளிய வாங்க!"

டாக்டர் கையுறையோடு ஓடி வந்தார். நிரபராதி என்று காட்டப் போய்த் தன் கழுத்தில் தானே கயிற்றை மாட்டிக்கொண்டோமே என்றிருந்தது வெண்கலத்துக்கு. "நான் மட்டுமா கேட்டேன்? இவங்க யாருக்கும் கேக்கலையா?" என்று நாற்காலிகளைப் பார்த்துக் கை நீட்டினாள். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி பத்திரிகையைப் புரட்டினாள்.

"ஆழு... ஒண்ணு... எத்து" என்றது ஒரு குரல்.

அச்சகக்காரர்தான். ஊசி போட்ட கன்னம் மரத்துப்போய் வாய் ஒரு பக்கமாகத்தான் திறந்தது. எல்லாரும் திரும்பினார்கள். பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நிதானமாக, மறுபடியும் சொன்னார். "பின்னாடி இருக்கற மூணு நம்பர். ஆறு, ஒண்ணு, எட்டு. எனக்கே கேட்டுச்சு. இங்க உக்காந்திருக்கற யாருக்கு வேணும்னாலும் கேக்கும்."

டாக்டர் முகமூடியை இறக்கினார். மனைவியின் கையிலிருந்த கார்டைப் பார்த்தார். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். இந்த நாற்காலிகளில் எத்தனை பேர் வந்து உட்கார்ந்து போயிருக்கிறார்கள். எவன் என்று எங்கே போய்த் தேடுவது.

"சரி, சரி. நீ உள்ள வந்து உன் சீட்ல உக்காரும்மா" என்றார் டாக்டர்.

"உக்கார்றேன் சார். மொதல்ல மேடம் என் போட்டோவ அழிக்கட்டும். நான் எடுக்கலன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லட்டும். திருடின்னு சொன்ன வாய்தானே?" நேற்று ராத்திரியிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியதில் சிரிப்புக்கூட வரும் போலிருந்தது. வீட்டுக்குப் போய் அந்த மனுஷனை உட்கார வைத்துக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

டாக்டரின் மனைவி கார்டைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"இரும்மா" என்றார் அச்சகக்காரர். சுவரை விட்டு விலகி மெதுவாக அவளிடம் வந்தார். கன்னம் மரத்திருந்ததால் கடைவாயில் வழிந்தது அவருக்குத் தெரியவில்லை. "நீ எடுக்கல. சரி, ஒத்துக்கறேன். என் நம்பர அன்னிக்கு யாரு இப்படிப் படிச்சது?"

"கேளுங்க சார், நல்லாக் கேளுங்க" என்றாள் டாக்டரின் மனைவி. அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

சட்டம் போட்டது மேடம்தான் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. அறை நிரம்பி வழிந்தது. உள்ளே மெஷின். நாலு நாலாகச் சொல்லி முடித்து, "சரியா சார்?" என்று அவள் கேட்டதும், "சரிம்மா, பிரமாதம்" என்று இவர் போனில் சிரித்ததும் நினைவிருந்தது. இவருடைய நம்பர்கூட நினைவிருந்தது. அதற்கு முன்னால் அந்த டிவிக்காரர். விமான டிக்கெட்காரம்மா. வெளியே தெரிந்தது மூன்று பேர். தெரியாமல் எத்தனை பேரோ.

வாயைத் திறந்தாள். தெருமுனை வரைக்கும் எட்டுகிற குரல், பக்கத்தில் நிற்கிறவருக்குப் போய்ச் சேரவில்லை.

"கேக்கலம்மா" என்றார் அவர், தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காதை அவள் பக்கம் திருப்பியபடி.