சாம்பல் நிறக் கேபிள்

"இன்னா நாகு, உன் ஆளு வந்தாத்தான் பொட்டி கண்ணத் தொறக்குது. நாம நின்னா மூஞ்சத் திருப்பிக்கினு கீது!" பற்றவைப்பு மேசையிலிருந்து பஞ்சவர்ணம் சிரித்தாள்.

நாகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில், ஃபைபர் தொலைபேசி லைனுக்கான மின்சுற்றுக் கார்டுகளைச் சோதித்து 'பாஸ்' முத்திரை வைப்பது அவள் வேலை. கார்டை வடிவமைத்தவன் வீரராகவன். தை பிறந்தால் அவள் கணவன்.

செய்தி வரும் இழையில் நேரம் சொல்லத் தனி வழி கிடையாது. ஒன்றும் சுழியும் மாறி மாறி வருவதைப் பார்த்தே, அனுப்பும் பக்கத்துக் கடிகாரத் துடிப்பை வாங்கும் கார்டு தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துவிட்டால் பச்சை விளக்கு எரியும். அலைகளைத் திரையில் காட்டும் தன் ஸ்கோப் ட்ராலியை வீரராகவன் தள்ளிக்கொண்டு வந்தால் அது எரிந்தது. அதைத் தள்ளிக்கொண்டு அவன் போனால் அணைந்தது.

'மறைவாக ஏதோ செய்கிறாரா?'

திங்கட்கிழமை சென்னீர்குப்பம் லைனில் சோதனை. அங்கே விளக்கு அணைந்தால் பழி, முத்திரை வைத்த அவளுக்குத்தான். அதைவிட, ஏமாற்றுகிறவனுக்கா கழுத்தை நீட்டப்போகிறோம் என்ற கேள்விதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அவன் டீ குடிக்கப் போன நேரம் ட்ராலியைச் சுற்றி வந்து பார்த்தாள். அனுப்பும் பெட்டியின் கடிகாரத்திலிருந்து ஒரு சாம்பல் நிறக் கேபிள், வாங்கும் கார்டின் மேலேயே படுத்தபடி ஸ்கோப்புக்குப் போயிற்று. அதைப் பிடுங்கினாள். பச்சை அணைந்தது. செருகினாள். எரிந்தது.

"என்ன வல்லி, ஸ்கோப்பைத் தொட்டியா?" வாசலில் அவன்.

"இந்தக் கேபிள் எதுக்கு?"

"ட்ரிகருக்கு. இல்லேன்னா அலை திரையில நிக்காம ஓடிடும்."

"அப்போ இதைப் பிடுங்கினா விளக்கு ஏன் அணையுது?"

சிரித்தபடி வந்தவன் தானே பிடுங்கிப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். அவன் முகத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. நடிப்பா?

"கேபிள்லேர்ந்து துடிப்பு கார்டுக்குள்ள கசியுது. இது இல்லாம நான் பார்த்ததே இல்லையே..." ஸ்டூலில் உட்கார்ந்தான். "எப்போலேர்ந்து என்மேல சந்தேகம்?"

"பஞ்சவர்ணம் கிண்டல் பண்ண ஆரம்பிச்சதுலேர்ந்து."

"கேட்டிருக்கலாமே."

"நீங்க பொய் சொன்னாக்கூட நம்பிடுவேனோன்னு பயம்."

அப்போது முதலாளி சண்முகசுந்தரம் உள்ளே எட்டிப் பார்த்தார். "வீரா, திங்கட்கிழமைக்கு ரெடிதானே?"

கேபிள் அவன் கையில்தான் இருந்தது. செருகிவிட்டு, 'ரெடி' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நாகவல்லி அந்தக் கையையே பார்த்தாள்.

"இல்ல சார். கார்டு தானாப் பிடிக்கல. என் கேபிள்தான் பிடிச்சுக் குடுத்திருக்கு. தப்பு என்னோடது."

முதலாளி கத்தித் தீர்த்துவிட்டு, லைன்காரர்களிடம் தவணை கேட்கப் போனார். வீரராகவன் ட்ராலியை வெளியே தள்ளிவிட்டு, பற்றவைப்புக் கோலைக் கையில் எடுத்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட இன்னும் என்னென்ன சோதிக்கணும்?"

"உங்க டிபன் டப்பாவ. மத்தியானம் அதைத் திறக்கவே இல்ல நீங்க."

கோபம் தீராதவனாகவே, இடது கையை மட்டும் டப்பாவுக்காக நீட்டினான். அவள் திறந்து கொடுத்தாள்.