லுபோமிர் தலையாட்டிய விதம்

இஸ்க்ரா காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் முதலில் பார்ப்பது, இன்றைக்கு உலகத்தில் எந்தக் கம்பெனி படுத்துவிட்டது என்பதைத்தான். ஒரு நாள் வேறு நாட்டில் ஒரு பெரிய மளிகைக் கம்பெனியின் கடைகளில் அலமாரியெல்லாம் காலி. எவனோ அவர்களுடைய உதவி மையத்துக்குப் போன் செய்து, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று குழைந்து கேட்டானாம், அவர்களும் கொடுத்துவிட்டார்களாம். இன்னொரு நாள் ஊரெல்லாம் பயன்படுத்தும் ஏதோ மென்பொருளில் ஓட்டை, மதியச் சாப்பாட்டுக்குள் அடைத்தாக வேண்டும். அடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், அடைப்பிலேயே ஓட்டை என்று செய்தி வரும்.

அவளுடைய கம்பெனி சோபியாவில் இருந்துகொண்டு பல்கேரியா முழுக்க மருந்துக் கடைகளுக்கு மருந்து அனுப்பியது. அதன் கணினிகளுக்குள் திருடன் நுழையாமல் பார்த்துக்கொள்வது அவளுடைய பிரிவு. பிரிவு என்றால் பெரிய பெயர், ஆள் இரண்டே பேர். அவளும் ஸ்விலெனும். மூன்றாவதாக இருந்தவன் வசந்த காலத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அவனை யாரும் குறை சொல்லவில்லை, பொறாமைதான் பட்டார்கள். அதிலிருந்து அவசரப் போன் ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் ஸ்விலெனிடம். வார்னா ஊர்க் கிடங்கில் எவனாவது தன் பையனுடைய விளையாட்டை ஆபீஸ் கணினியில் போட்டால் அது அலறும். பிரிண்டர் தும்மினாலும் அலறும். எத்தனை தடவை பொய்யாக அலறினாலும் அடுத்த தடவையும் எழுந்து ஓட வேண்டும். அந்த வேலையின் லட்சணம் அது.

"புது வருஷத்துக்குள்ள மூணாவது ஆள் வரலைன்னா நான் கெளம்பறேன் அக்கா," என்று ஸ்விலென் இலையுதிர் காலத்திலேயே சொல்லிவிட்டான். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன்.

"மெரட்டுறியா?"

"மெரட்ட எல்லாம் எனக்குத் தெம்பு இல்ல. பாப்பா என்னப் பாத்தா அழுவுது, என் போனப் பாத்தாத்தான் சிரிக்குது. வீட்டுல சொல்லிட்டா, ஒண்ணு அந்தப் போனு, இல்லன்னா நானுன்னு."

"போனையே கட்டிக்கோ. அதாவது சொன்ன நேரத்துக்கு எழுப்பி விடும்."

அவனும் சிரித்தான், அவளும் சிரித்தாள். ஆனால் அவன் போய்விட்டால் எல்லா வாரமும் அவளுடைய வாரம்தான்.  நாற்பத்தாறு வயதில், ஒரு சனிக்கிழமை முழுதும் யாரும் கூப்பிடாமல் தூங்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

மேலாளர் சங்கோவ் மூன்றாவது ஆளுக்கு அனுமதி வாங்கித் தந்தார். கூடவே ஒரு வாலும் இருந்தது. டிசம்பருக்குள் ஆள் எடுக்காவிட்டால் அந்த இடமே ரத்து. இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. தெரிந்தவன் கேட்கும் சம்பளம் கம்பெனிக்குக் கட்டாது, கட்டும் சம்பளத்துக்கு வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நவம்பர் கடைசியில், எல்லாரும் கையை விரித்துவிட்ட நேரத்தில், லுபோமிரின் விண்ணப்பம் வந்தது.

வ்ராட்சா ஊர்க்காரன். எழுதிக் கொடுத்த சோதனைகளையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டான். கேட்ட சம்பளமும் நியாயம். வீட்டிலிருந்தே வேலை பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை, அப்பா படுத்த படுக்கையாம். ஸ்விலெனுக்கு வாயெல்லாம் பல். அன்று காலை எல்லாருக்கும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா வாங்கி வந்துவிட்டான், இன்னும் நேர்காணலே நடக்கவில்லை.

மதியத்துக்கு மேல் திரையில் லுபோமிர் வந்தான். ஒட்ட வெட்டிய தாடி, பின்னால் ஒரு புத்தக அலமாரி. பேச்சில் பதற்றமே இல்லை. அவர்கள் பழைய தலைவலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டார்கள், அவன் ஒவ்வொன்றுக்கும் மருந்து சொன்னான்.

"ராத்திரி முறை பாக்கறதுல சிரமம் ஒண்ணும் இல்லையே?" என்றாள் இஸ்க்ரா.

"அப்பாவப் பாத்துக்க எப்படியும் முழிச்சுத்தான் இருக்கேன். போன எங்கிட்டயே குடுத்துருங்க."

மேஜைக்குக் கீழே ஸ்விலென் அவள் காலை மெல்லத் தட்டினான். சந்தோஷம் அவனுக்கு.

"அப்ப வாரம் மாத்தி வாரம் எடுத்துக்குவீங்களா?"

"ஆமா, கண்டிப்பா," என்று சொல்லிக்கொண்டே லுபோமிர் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

இஸ்க்ராவின் பேனா நின்றது. பல்கேரியாவில் பிறந்த பிள்ளை பேச்சு வருவதற்கு முன்பே கற்றுக்கொள்வது இது. பால் வேண்டுமா என்றால் ஆமாம் என்று தலை இடமும் வலமும் ஆடும், வேண்டாம் என்றால் மேலும் கீழும் போகும். வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தலைகீழாகச் செய்து, கடைக்காரரைக் குழப்பி, வேண்டாத சாமானோடு திரும்பிப் போவார்கள்.

"வெளிநாட்டுல இருந்திருக்கீங்களா?"

"இல்லவே இல்ல. வ்ராட்சா, அத விட்டா சோபியா, அவ்வளவுதான்." தலை இடமும் வலமும் போயிற்று.

இஸ்க்ரா இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். ஆமாம் என்றபோது மேலும் கீழும், இல்லை என்றபோது இடவலம். வாய் சுத்தமான பல்கேரியப் பேச்சு பேசியது, தலை வேறு எந்த நாட்டிலோ வளர்ந்திருந்தது. திருடர்கள் இரவல் முகத்தைக் கணினியால் மாட்டிக்கொண்டு, குரலையும் மாற்றிக்கொண்டு வேலை கேட்கிறார்கள், சேர்ந்த பிறகு உள்ளேயிருந்தே பூட்டைத் திறந்துவிடுகிறார்கள், ஆள் எடுக்கும்போது ஜாக்கிரதை என்று எல்லாப் பிரிவுக்கும் எச்சரிக்கை அனுப்பியவளே அவள்தான். முகத்தை மாற்றலாம், குரலை மாற்றலாம். தலையை ஆட்டுகிறவன் அவனேதான்.

திரை அணைந்ததும் ஸ்விலென் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். "தங்கமான ஆளு அக்கா! என்ன சொல்றீங்க?"

"நாளைக்கு சங்கோவ்கிட்ட பேசிக்கலாம்," என்றாள் இஸ்க்ரா.

மாலையில் டிராமில் வீட்டுக்குப் போகும்போது லுபோமிருக்காக அவளே வக்கீலாகிவிட்டாள். இந்தக் காலத்துப் பையன்கள் வெளிநாட்டுப் படமாகப் பார்த்துப் பார்த்து அப்படித்தான் தலையாட்டுகிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசிப் பேசிப் பழகியிருக்கலாம். நேரில் வந்து கம்பெனிக் கணினியை வாங்கிக்கொள் என்று ஒரு வரி எழுதிப் போட்டால் சாயம் வெளுத்துவிடும். அவள் எழுதவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. வீட்டுக்குப் போய் சூப்பைச் சூடாக்கிக் குடித்துவிட்டு, புது ஆள் வந்துவிட்டால் எந்த சனிக்கிழமை தன்னுடையதாக இருக்கும் என்று யோசித்தபடி கண்ணயர்ந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள். அதுதான் வெட்கக்கேடு.

மறுநாள் காலை சங்கோவின் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அவர் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார்.

"ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே? கையெழுத்தப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாக்கலாம்."

ஸ்விலென் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் மாட்டிய வரைபடத்தில் கம்பெனியின் கிடங்குகள் சிவப்புப் புள்ளிகளாக இருந்தன. ருசே, ப்ளெவென், புர்காஸ். ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் புள்ளிகள் எல்லாமே ஒன்றாக நின்றுபோனால் எத்தனை கடையில் இன்சுலின் இருக்காது என்பது இஸ்க்ராவுக்குத் தெரியும். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, தெரியும் அவ்வளவுதான்.

"சார், அந்த ஆள் நேர்ல வரட்டும்."

"அப்பா படுக்கைல கெடக்காருன்னு எழுதியிருக்கானே. கணினியக்கூட ப்ளோவ்டிவ்ல இருக்கிற சித்தப்பா பையன் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கான். பாவம், வாசலுக்குக்கூடப் போக முடியலையாம்."

"வ்ராட்சால இருக்கறவனுக்குச் சித்தப்பா பையன் வீட்டுலயா கணினி?" இஸ்க்ரா கண்ணை மூடித் திறந்தாள். "சார், அவன் நம்ம ஊர்க்காரன் இல்ல. ஆமான்னு சொல்லும்போது தலைய எப்படி ஆட்டினான்னு நான் பாத்தேன்."

சங்கோவ் விழுந்து விழுந்து சிரித்தார். "அட கடவுளே! இத்தன மாசமா ஆளு வேணும், ஆளு வேணும்னு என் உசுர வாங்குனீங்க. இப்ப வந்தவன் தலையாட்டறது சரியில்லன்னு தள்ளி விடப் போறியா? மாப்பிள்ளையா பாக்குற?"

"இப்பவே கூப்பிடுங்க. ஒரு நிமிஷம் போதும்."

கூப்பிட்டார்கள். லுபோமிர் உடனே வந்தான், அதே தாடி, அதே அலமாரி. சங்கோவ் வணக்கம் சொல்லிவிட்டு, இவள் ஏதோ கேட்க வேண்டுமாம் என்று நெளிந்தார்.

"சின்ன விஷயந்தான் லுபோமிர். ஒங்க உள்ளங்கைய மொகத்துக்கு முன்னால மெதுவா இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் கொண்டு போங்க."

"எதுக்கு?" புன்னகை அப்படியே இருந்தது.

"எங்க வழக்கம்னு வெச்சுக்கோங்க."

"சிக்னல் கொஞ்சம் சரியில்ல, மன்னிச்சுக்கோங்க..."

"கைய மட்டும் தூக்குங்க, போதும்."

கை எழுந்தது, பாதி வழியில் மூக்குக்கு நேரே வந்தது. கணினி ஒட்டிய முகத்தால் கைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, விரல்களுக்கு இடையே தாடி நழுவியது, ஒரு கண் கன்னத்துக்குப் போய்த் திரும்பியது. திரை இருண்டது. திரும்பக் கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகும் எடுக்கவில்லை.

சங்கோவின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தார், ஜன்னலருகே போய் நின்றார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு உயிர் வந்தது, அதன் பின் உற்சாகமும் வந்தது.

"பிரமாதம் இஸ்க்ரா! இத நான் மேல சொல்லியே ஆகணும்."

"அந்த இடத்த மட்டும் ரத்து பண்ணிராம நீட்டிக்கச் சொல்லுங்க சார். வேற ஆள் பாக்கணும்."

"அங்கதான் சிக்கல். நான் போய் இதச் சொன்னா என்ன கேப்பாங்க? ரெண்டே பேரு இவ்வளவு பெரிய திருடனப் புடிச்சிட்டாங்களே, அப்புறம் மூணாவது ஆளு எதுக்கும்பாங்க." அவர் பேனாவை மூடினார். மனசாட்சி உள்ள மனிதர்தான், அதனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பாக்கறேன். கேட்டுப் பாக்கறேன்."

கேட்கமாட்டார் என்று இஸ்க்ராவுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நிற்கும் திருடனைத் துரத்திவிட்டதற்கு இப்படியும் ஒரு பரிசு உண்டு என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

நடைபாதையில் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் ஸ்விலென் நின்றான். பொத்தானை அழுத்தவில்லை, சும்மா நின்றான்.

"போறதுன்னா போடா," என்றாள் அவள். "ஒன்ன நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆள் வராமப் போனதுக்கு நாந்தான் காரணம்."

"போகத்தான் போறேன், ஆனா அதுக்காக இல்ல அக்கா."

"பின்ன?"

"நானும் பாத்தேன்."

"எத?"

"தலைய. மொத ஆமாவுலயே பாத்துட்டேன்." அவன் காப்பி இயந்திரத்தையே பார்த்துச் சொன்னான். "நீங்க பாக்கல போலன்னு நெனச்சேன். பாக்காமயே இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். நாற்காலியில சுத்தினேனே, அது சந்தோஷத்துல இல்ல, ஒங்கள யோசிக்க விடக்கூடாதுன்னு சுத்தினேன். சங்கோவ் கேட்டப்பவும் வாயத் தொறக்கல. திருடன்னு தெரிஞ்சே சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன் அக்கா. இனிமே நான் இந்த வேலைக்கு ஆக மாட்டேன்."

இஸ்க்ரா சுவரில் சாய்ந்தாள். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவன் அழுதுவிடுவான் போலிருந்தது.

"நீங்க எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டான்.

நானும் மொத ஆமாவுலயே பாத்தேன், ராத்திரி பூரா வாய மூடிக்கிட்டு நல்லாத் தூங்கினேன் என்று சொன்னால் போதும். இரண்டு பேரும் ஒரே அழுக்கில் நிற்கிறோம் என்று தெரிந்தால் அவனுக்கு நெஞ்சு லேசாகியிருக்கும். ஒருவேளை போகாமல் இருந்தும் இருப்பான். அதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"இன்னிக்குக் காலைலதான் தோணுச்சு. நெனச்சு நெனச்சுப் பாத்தேன், அப்பத்தான் தலையாட்டினது ஞாபகம் வந்துச்சு. ஒடனே வந்து சொல்லிட்டேன்."

ஸ்விலென் அவளைப் பார்த்த பார்வையில் அத்தனை மரியாதை இருந்தது. "அதான் அக்கா நீங்க," என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். அவசரப் போனைத் துடைத்து, முழுக்கச் சார்ஜ் ஏற்றி அவள் மேஜையில் வைத்துவிட்டுத்தான் போனான்.